வேண்டாவுக்குக் காட்டாத தாள்

என் அக்காவின் பெயர் வேண்டா. எங்கள் அம்மாவுக்கு வரிசையாக மூன்று பெண்கள் பிறந்தார்கள். இனிப் பெண்ணே வேண்டாம் என்று சாமிக்கு உறைக்கட்டும் என்பதற்காக மூன்றாவதுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். சாமிக்கு உறைக்கவில்லை. நான்காவதாக நான் வந்து சேர்ந்தேன். அதற்குள் எல்லாருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும், எனக்கு ரேணுகா என்று நல்ல பெயராகவே வைத்துவிட்டார்கள்.

எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் ரேஷன் கடையில் வேலை. என் வாய் பெரிசு என்று ஊரே சொல்லும். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க 'மெஷின் கைரேகையை எடுக்கவில்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் வாயும் பெரிசாகும். அக்கா எனக்கு நேர் எதிர். திருப்போரூர் பக்கம் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை பார்த்தாள். முப்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக் கொடுத்து, மூக்கைத் துடைத்து, தூங்கவைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெருவில் யார் வீட்டிலாவது பச்சைக் குழந்தை இருக்கும். கூப்பிட்டு அனுப்புவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டு வருவாள். அந்தத் தெருவில் அவள் கால்மேல் கிடக்காத குழந்தை கிடையாது. அவளுக்கு ஒரே பெண், பிரபா. அவளைத் திருவிடந்தையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அக்கா புருஷன் உலகநாதன். எனக்கு மாமா. விவசாயக் குடும்பம்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தபோது இவர் தன் கழனியை விற்றார், பிறகு பங்காளி கழனியை விற்றுக் கொடுத்தார், பிறகு முகம் தெரியாதவர்களின் கழனிகளையெல்லாம் விற்றுக் கொடுத்தார். பிளாட் புரோக்கர். வெள்ளைச் சட்டை, சென்ட், வாய் நிறையச் சிரிப்பு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பாசம் இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அக்காவுக்குத் தலைவலி என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது. வெறும் அயோக்கியன் என்றால் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனை வாங்க வருகிறவன் தன் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பான். வக்கீல் படித்துவிட்டு, 'இதில் இன்ன வழக்கு, தாவா இருக்கிறது, வாங்காதே' என்று சொல்லிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். புரோக்கர் லேசில் விடமாட்டார். ஃபைலிலிருந்து அந்தத் தாவா இருக்கிற தாளை மட்டும் உருவிவிட்டு, அதே ஃபைலை வேறொரு வக்கீலிடம் அனுப்புவார். இரண்டாவது வக்கீல் இருப்பதைப் படித்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுவார். உருவிய தாள் மாமாவின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போய்விடும். 'கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவன் புரோக்கரே கெடையாது' என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே.

அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வலது பக்கம் கட்டி. செங்கல்பட்டு பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாராள் என்று ஓர் அம்மா ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். தடிமனான கண்ணாடி, சிரிப்பே வராத முகம், ஆனால் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லுகிற அம்மா. அப்புறம் ஆறு மாசம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. அக்கா மறுபடி அங்கன்வாடிக்குப் போனாள். அடுத்த சித்திரையில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. முன்பு எடுத்த கட்டியிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த துண்டை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, 'ரிசல்ட் வந்ததும் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணலாம்' என்றார் டாக்டர் சாராள்.

அந்தச் சமயத்தில்தான் பிரபா உண்டாகியிருந்தாள். ஐப்பசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுப் பெண்ணை அழைத்துவர வேண்டும், பிள்ளை பிறந்து மூன்று மாசம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா அதற்குள்ளேயே பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். கல்லீரல் புள்ளியைப் பற்றி அவள் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தாள். ரிசல்ட் வாங்கப் போன அன்றைக்கு வண்டியில் ஏறும்போது மாமாவிடம் அதைச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஐப்பசில பிரபாவுக்குப் பிரசவம். அது வரைக்கும், அதுக்கப்பறம் ஒரு மூணு மாசம், நான் எழுந்து நடமாடிகினு இருப்பனா? அத மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"கேக்கறேன், வா," என்றார் மாமா.

அங்கே என்ன நடந்தது என்பது எனக்குப் பல மாசம் கழித்துத்தான் தெரியும். ஆனாலும் நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் ஒளித்துவைப்பது மாமாவின் தொழில், எனக்கு அது வராது.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவை உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார். டாக்டர் சாராள் கேட்டார், "பேஷன்ட் எங்கே?"

"வெளிய கீறா மேடம். இன்னாவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் பக்குவமா சொல்லிக்கிறேன். அவ பயந்த சுபாவம்."

என் அக்கா பயந்த சுபாவமாம். அங்கன்வாடிக்குள் வந்த நல்ல பாம்பைச் சாம்பார்க் கரண்டியால் அடித்தவள் அவள். டாக்டர் அம்மாவும், புருஷன் கேட்கிறாரே என்று விட்டுவிட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான். நோய் ஒருத்தர் உடம்பில் இருக்கும், நோயைப் பற்றிய பேச்சு இன்னொருத்தர் காதில் விழும்.

டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "பிராஃப்னு ஒரு ஜீன். உங்க மனைவியோட கட்டியில அது மாறியிருக்கு. இது பரம்பரையா வர்றது இல்ல, பொண்ணுக்கு வந்துடுமோன்னு இதனால பயப்பட வேணாம். கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாற்றம். ஆனா இந்த மாற்றம் இருக்கிற கட்டி கல்லீரலுக்குப் பரவிடுச்சுன்னா, வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் சீக்கிரமே வேற இடத்துல கிளம்பிடும். கழனியில கோரை பார்த்திருப்பீங்களே, மேல அறுத்தா போகுமா?"

"அப்ப வெட்டக்கூடாதுன்றீங்களா?"

"இப்ப வெட்ட வேணாம்கிறேன். மத்த சிலருக்கு இதே ரெண்டு புள்ளி இருந்தா நானே வெட்டுவேன். இவங்க கட்டியோட குணம் வேற. இந்த மாற்றத்துக்குன்னே மாத்திரை இருக்கு, கூட ஒரு ஊசி. ரெண்டு மூணு மாசம் கொடுத்துட்டு ஸ்கேன் பார்ப்போம். அடங்கி நின்னா, அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

"குணமாயிடுமா மேடம்?"

"அப்படிச் சொன்னா பொய். நல்லா இருக்கிற நாளை நீட்டிக்கலாம்."

வெட்ட மாட்டேன் என்கிறார்கள், குணமாகும் என்றும் சொல்லவில்லை. மாமா காதில் இந்த இரண்டும்தான் விழுந்தன. அக்கா கேட்கச் சொன்ன கேள்வி அவர் வாயிலிருந்து வரவே இல்லை. டாக்டர் ரிசல்ட் தாளையும் கொடுத்து, அடுத்த வாரமே மருந்து ஆரம்பிக்க வரச் சொல்லி அனுப்பினார். வராந்தாவிலேயே நின்று ஃபைலிலிருந்து அந்தத் தாளை உருவி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார் மாமா. பிறகு அக்காவிடம் வந்தார்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடணுமாம். இங்க அதுக்கு வசதி இல்லியாம், வேற எடத்துல பாத்துக்க சொல்லிட்டாங்க."

"ஐப்பசி கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். ஆபரேஷன் பண்ணிகினா ஐப்பசில நீ ஓடுவியாம்."

அக்கா சிரித்தாளாம். அவரே என்னிடம் பின்னால் சொல்லி அழுதார், அன்றைக்கு அவள் சிரித்ததை.

இரண்டாவது வக்கீல் மாதிரி இரண்டாவது டாக்டர் கிடைத்தார். பழைய மாமல்லபுரம் சாலையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் பிரவின்குமார், சின்ன வயசு, கைராசிக்காரர் என்று பெயர். அந்தத் தடவை நானும் கூடப் போயிருந்தேன். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "கட்டியில ஜீன் டெஸ்ட் பண்ணலையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அங்க அதெல்லாம் எடுக்கல," என்றார் மாமா. குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. இருபது வருஷத் தொழில்.

"எடுத்துட்டு முடிவு பண்றதுதான் நல்லது. ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல அது பரவிகினு போயிடாதா சார்? ரெண்டே ரெண்டு புள்ளி கீது. இப்பவே எடுத்துடுங்க சார், உங்கள நம்பித்தான் வந்துகிறோம்."

டாக்டர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். இரண்டு புள்ளியும் ஒரே பக்கம். வெட்டுவதற்கு வாகான இடம். ஆளும் பார்க்கத் திடமாக இருந்தாள். "சரி, வெட்டி எடுக்கிறதையே டெஸ்டுக்கு அனுப்பிடலாம்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் கையில் இருந்த ஃபைலை வைத்து அவர் முடிவு எடுத்தார். அந்த ஃபைலில் இல்லாததற்கு அவரை எப்படிப் பிடிப்பது?

ஆனியில் ஆபரேஷன் நடந்தது. கல்லீரலில் ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். 'கட்டி சுத்தமா வந்துடுச்சு' என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதும் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். திருப்போரூர் முருகனுக்கு அபிஷேகம், தெருவுக்கெல்லாம் லட்டு. தெருவில் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைப் பார்த்து, "பொண்டாட்டிய காப்பாத்தறதுன்னா அண்ணாத்த மாதிரி இருக்கணும்" என்று குத்திக் காட்டினார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. வெட்டிய இடத்திலிருந்து பித்தநீர் கசிந்தது. விலாவில் குழாய் செருகி, அதன் நுனியில் ஒரு பை கட்டினார்கள். ஆடி முழுக்கக் காய்ச்சல். தையல் ஒரு பக்கம் பிரிந்து, ஆறி, மறுபடி பிரிந்தது. மாமா அசிங்கம் பார்க்காமல் எல்லாம் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பையை மாற்றினார், தலை வாரினார், கஞ்சி ஊட்டினார். 'ஐப்பசிக்கு இன்னும் நாள் கீது' என்று தினம் சொன்னார். அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் திருவிடந்தையில் வளைகாப்பு. பையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு அக்கா காரில் வந்தாள். பிரபா கையில் வளையல்களைத் தானே அடுக்கிவிட்டாள். எல்லாம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் சம்பந்தியம்மா கண்ணகி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. உங்களையே ஒருத்தர் பாத்துக்க வேண்டிகீது. புள்ளத்தாச்சிய அனுப்பி அங்க யார் பாக்கறது? பிரசவம் இங்கயே ஆவட்டும்."

நியாயமான பேச்சுதான். பிரபா அழுதாள், "நானும் வரேம்மா" என்றாள். அக்காவே "வேணாம்மா" என்று சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது கோவளம் தாண்டியதும் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"ஊர்ல எல்லார் வூட்டுப் புள்ளைக்கும் கால நீட்டிகினு குந்தனேன் ரேணு. எம் பொண்ணு புள்ளைக்கு இன்னொருத்தி குந்தப்போறா."

அப்போது கடவுளைத்தான் திட்டினேன், பாவம்.

புரட்டாசி முதல் வாரம் டாக்டர் பிரவின்குமார் ஸ்கேன் எடுத்தார். மீதியிருந்த கல்லீரலில் பொரிப்பொரியாகப் புள்ளிகள். நுரையீரலிலும் இருந்தன. வெட்டி எடுத்ததன் ஜீன் ரிசல்ட்டும் அவர் மேஜையில் இருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "இது வேற மாதிரிக் கட்டி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல்ல மருந்துதான் கொடுத்திருப்பேன், கத்தியைத் தொட்டிருக்க மாட்டேன்," என்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, தெரியாமப் போச்சே சார்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துத் தேற்றினேன். இந்தக் கையால்தான் தேற்றினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னிடம், "என்ன அந்தக் கண்ணாடி போட்டம்மாகிட்ட கூட்டிகினு போ," என்றாள். மாமா பிடி கொடுக்கவில்லை. அங்கே வசதி இல்லை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏதேதோ சொன்னார். அவர் கேளம்பாக்கத்துக்கு மனை காட்டப் போன நாளாகப் பார்த்து ஒரு கார் பிடித்து அக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சாராள் அக்காவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். புடவையை விலக்கித் தழும்பைப் பார்த்தார், மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தார். "யார் வெட்டினது? ஏம்மா நீங்க திரும்பி வரவே இல்ல? ஃபைல்ல இருந்த நம்பருக்கு ரெண்டு தடவை போன் பண்ணச் சொன்னேனே. மாத்திரை ஆரம்பிக்கணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட அவ்வளவு சொன்னேனே. ரிசல்ட் தாளைக் கையில கொடுத்தேனே."

"இன்னா தாளு?" என்றாள் அக்கா.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, மாமாவிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து அக்காவுக்குச் சொன்னார். பிராஃப், கோரை, மாத்திரை, எல்லாம். அக்கா அசையாமல் கேட்டாள். முடித்ததும், சித்திரையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் புரட்டாசியில் தன் வாயால் கேட்டாள்.

"அப்பவே அந்த மாத்திரைய துன்னுருந்தா, ஐப்பசில நான் நடமாடிகினு இருந்திருப்பனா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உறுதியா சொல்ல முடியாதும்மா. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. ஆனா அப்படி நடமாடிக்கிட்டு எங்கிட்ட வர்றவங்க இருக்காங்க." பிறகு இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு உங்களையும் உள்ளே கூப்பிட்டுத்தான் பேசியிருக்கணும். அது என் தப்பு."

மாமா இப்போதும் அந்த 'உறுதியா சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார். 'வுட்டிருந்தாலும் போயிருப்பா' என்கிறார். அதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது, டாக்டராலும் முடியாது. சாவை அவர் கொண்டுவரவில்லைதான். ஆனால் அது வருவதற்கு முன்னால் கொஞ்சம் மாசம் இருந்தது. அந்த மாசங்கள் அவளுடையவை. அவற்றை விலாவில் குழாயோடு படுத்துக் கழிக்கவைத்தது யார்?

மாமா அன்று மாலை இளநீர்க் குலையோடு வந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு காலமும் வாங்க போங்க என்று பேசியவள்.

"வண்டி சீட்டுக்கு அடில கீற எம் பேப்பர எத்துகினு வா," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். போய் எடுத்துவந்தார். நாலாக மடித்திருந்தது, ஒரு ஓரத்தில் பெட்ரோல் கறை.

"படி."

"இங்கிலீஷ்ல கீது வேண்டா..."

"அந்தம்மா உனக்குத் தமிழ்லதான சொன்னாங்க. அதச் சொல்லு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெட்ட மாட்டேன்னுட்டாங்க. குணமாவும்னு சொல்லல. நான் எப்பிடி சும்மா குந்திகினு இருக்கறது? ஒருத்தன் முடியாதுன்னா முடியும்ன்றவன் ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட போனேன். உன்னக் காப்பாத்தத்தான் போனேன்."

"எம் பேர்ல நெலம் இல்ல, வூடு இல்ல," என்றாள் அக்கா. சத்தம் போடக்கூட அவளுக்கு மூச்சு இல்லை. "என்துன்னு சொல்லிக்க இந்த ஒடம்பு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் என்ன ஒரு வார்த்த கேக்காம பேசி முடிச்சுட்டு வந்துட்ட."

நான் அன்றைக்கு அவரைச் சும்மா விடவில்லை. என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. தெருவே வாசலில் கூடியது. கடைசியில் அக்காதான், "வுடு ரேணு, தண்ணி கொடு அவுருக்கு," என்றாள்.

டாக்டர் சாராள் அந்த மாத்திரையை ஆரம்பித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் வெட்டிய கல்லீரல், மீதியிலும் கட்டி. மஞ்சள் காமாலை ஏறியது, பத்தே நாளில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது.

ஐப்பசி நடுவில் பிரபாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். போனில் காட்டினார்கள். அக்கா போனை நெஞ்சின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். குழந்தையைக் கண்ணகியம்மா காலில் போட்டுக் குளிப்பாட்டுவதையும் காட்டினார்கள். "தலைய நல்லா தாங்கிப் புடிக்கச் சொல்லு," என்றாள். பிறகு போனைக் கவிழ்த்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமாவைக் கூப்பிட்டாள். "புள்ளைய ஒரு தபா கொண்டாரச் சொல்லு. எங்கால் மேல ஒரு தபா போட்டுக்கறேன்."

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பினார். கல்லையும் விற்கிற வாய் அவருக்கு. போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். அங்கே நடந்ததை அவர் வருவதற்கு முன்னாலேயே பிரபா எனக்குப் போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். கண்ணகியம்மா காபி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினாளாம். முப்பது நாள் ஆகாத பச்சைப் பிள்ளையை நோய் முற்றிய வீட்டுக்கு அனுப்பமாட்டோம், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று முடித்துவிட்டாளாம். இவர் கையைப் பிடித்துக் கெஞ்சியும் பார்த்துவிட்டார்.

உள்ளே நுழையும்போதே மாமா முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டுதான் வந்தார். "பேசிட்டேன். நாளைக்கோ நாளானிக்கோ கார் வெச்சு கொண்டாராங்க. நீ நல்லா..."

"யோவ்," என்றாள் அக்கா.

அவர் நிறுத்தினார்.

"அவுங்க இன்னா சொன்னாங்களோ, அதச் சொல்லு."

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு போக வெகுநேரம் ஆயிற்று. "தர மாட்டேன்னுட்டாங்க வேண்டா," என்றார். "முப்பது முடிஞ்சாத்தானாம். நோவு கீற வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்."

அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"இவ்ளோதான்யா," என்றாள். "அன்னிக்கும் வெளிய வந்து இப்பிடிச் சொல்லியிருந்தா, நான் இன்னா செத்தா போயிருப்பேன்?"

அவர் குழந்தை மாதிரி விம்மி அழுதார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முப்பது நாள் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். சாவு வீட்டுக்குப் பச்சைக் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிரபா மட்டும் வந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அந்த இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது.